பல்லி முட்டை கற்பித்த பாடம்

(இரண்டாமாண்டு இளம் அறிவியல், விலங்கியல்)

பல்லி என்றவுடன் நம்மில் பலருக்கு நினைவிற்கு வருவது பஞ்சாங்கத்தில் அச்சாகும் ‘பல்லி விழும் பலன்’தான். காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலுக்குச் சென்றவர்களுக்கு அங்குள்ள தங்கப் பல்லியும் வெள்ளிப் பல்லியும் நினைவிற்கு வரலாம். ஆனால் பல்லியின் முட்டையை நின்று பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? சென்ற ஆண்டுவரை நானும் பார்த்ததில்லை. அதைப் பொரிக்க வைத்த கதையையும், அதில் நான் செய்த பிழைகளையும் இங்கே எழுதுகிறேன்.

முட்டை கிடைத்த விதம்

வடமதுரையில் எங்களுடையது ஓட்டு வீடு. பொங்கலுக்கு வெள்ளையடிப்பதற்காகப் பழைய மரப்பெட்டியை நகர்த்தியபோது, அதன் பின்னே பட்டாணி அளவில் இரண்டு வெள்ளை முட்டைகள் கிடந்தன. வீட்டுப் பல்லி பெரும்பாலும் ஒரு தடவைக்கு இரண்டு முட்டைகளே இடும். சினைப்பல்லி சன்னல் கண்ணாடியில் ஊரும்போது, அதன் மெல்லிய வயிற்றுத் தோல் வழியே அவ்விரண்டும் வெளியே தெரிவதைக் காணலாம். இடும்போது மென்மையாக இருக்கும் ஓடு, காற்றுப் பட்டதும் கெட்டியாகிவிடுகிறது.

“எறிஞ்சிடாதப்பா, பாவம்” என்றார் அம்மா. எறியவில்லை, பொரிக்க வைத்துப் பார்ப்போம் என்று எடுத்துக்கொண்டேன்.

முதல் முயற்சி

முட்டை பொரிப்பதில் எங்கள் வீட்டில் அம்மாவே பேராசிரியர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். என் தேர்வுக் கட்டணம் அம்மா வளர்த்த கோழிகளை ஐயலூர் வியாழச் சந்தையில் விற்று வந்த பணம். கூடையில் மணலும் வைக்கோலும் இட்டு, ஒற்றைப்படையில் முட்டை அடுக்கி, இடிக்குக் காவலாக ஓர் இரும்பாணியும் கரித்துண்டும் போட்டு அடை வைப்பார். ஏழாம் நாள் விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக் கூமுட்டையைத் தள்ளுவார். இருபத்தோராம் நாள் குஞ்சு வந்துவிடும்.

அடைக்கோழி தன் முட்டைகளை நாள்தோறும் அலகால் புரட்டிக்கொண்டே இருப்பதைச் சிறு வயது முதல் பார்த்தவன் நான். ஆகவே ஈரப் பஞ்சின் மேல் பல்லி முட்டைகளை வைத்துக் காலையும் மாலையும் புரட்டிவிட்டேன். பன்னிரண்டாம் நாள் பூசணம் பூத்தது. மூன்றாம் வாரம் ஓடு உட்குழிந்தது. உடைத்துப் பார்த்தேன். ஒன்றில் வெறும் மஞ்சள் நீர்; மற்றதில் கருங்கண்கள் தெரியும் அளவிற்கு வளர்ந்து இறந்திருந்த கரு. அன்று மனம் மிகவும் சங்கடப்பட்டது.

வேறுபாடு யாது?

பின்னர்தான் நூலகத்திற்குச் சென்றேன். கோழி முட்டையில் மஞ்சள் கருவை இருபுறமும் முறுக்குக் கயிறு போன்ற இழைகள் பிடித்திருக்கின்றன. கரு ஓட்டுச் சவ்வில் ஒட்டிவிடாதிருக்கப் புரட்டுதல் அங்கே தேவை. முதலை, ஆமை போன்ற ஊர்வனவற்றில் இவ்விழைகள் இல்லை. முட்டையிட்ட ஒரு நாளளவில் கரு மேற்புறச் சவ்வில் ஒட்டிக்கொள்கிறது. பிறகு புரட்டினால் அது அறுபட்டு இறக்கக்கூடும். எனவே பல்லி முட்டையையும் கிடந்த வாக்கிலேயே எடுத்து வைப்பதுதான் முறை.

ஈரத்திலும் வேறுபாடு உண்டு. வெளிநாடுகளில் வீடுகளில் வளர்க்கப்படும் சிறுத்தைப் பல்லியின் முட்டை தோல் போன்ற மென்மையான ஓடு உடையது. சுற்றிலும் ஈரம் இல்லையேல் சுருங்கிவிடும். நம் வீட்டுப் பல்லியின் முட்டையோ சுண்ணாம்பு ஓடு கொண்டது. உலர்ந்த சுவரிடுக்கிலேயே பொரித்துவிடும்.

இரண்டாம் முயற்சி

மாசி மாதம் மின்சார மீட்டர் பலகைக்குப் பின்னால் அம்மாவே இரண்டு முட்டைகளைக் கண்டுபிடித்துக் கூப்பிட்டார். இம்முறை மேற்புறத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். ஊறுகாய் பாட்டிலில் இரு விரற்கடை உலர்ந்த ஆற்று மணல் இட்டு, புள்ளி மேலே இருக்குமாறு முட்டைகளைப் பதித்தேன். மூடியில் துளையிட்டு, வெயில் படாத அலமாரியில் வைத்தேன். நாள்தோறும் வெப்பநிலையைக் குறித்தேன். 28 முதல் 33 டிகிரி செல்சியஸ் வரை இருந்தது.

இவ்வகை முட்டை பொரிக்க வெப்பத்தைப் பொறுத்து ஏறத்தாழ 45 முதல் 60 நாட்கள் ஆகும். எனக்குக் கிடைத்தவை என்று இட்டவை என்பது தெரியாததால் பொறுமை ஒன்றே வழி. நாற்பத்தோராம் நாள் காலை, பாட்டிலில் என் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு குட்டி சுவரைப் பற்றி நின்றது! மறுநாள் இரவு அடுத்தது. மூக்கின் நுனியருகே உள்ள இரு முட்டைப் பற்களால் ஓட்டைக் கிழித்து அவை வெளிவருகின்றன.

அம்மாவின் கேள்வி

வெற்றி பெற்றுவிட்டேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அவர் கேட்டார்: “ஏப்பா, தண்ணியையும் நிறுத்திட்ட, திருப்புறதையும் நிறுத்திட்ட. எதனால பொரிச்சுதுன்னு எப்படிச் சொல்லுவ?”

என்னிடம் விடையில்லை. ஆய்வில் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும் என்று வகுப்பில் படித்து, தேர்விலும் எழுதியவன் நான். பள்ளிக்கூடம் போகாத அம்மா அதைக் கேள்வியாகவே கேட்டுவிட்டார். அடுத்து முட்டை கிடைத்தால் இரண்டையும் புரட்டாமல், ஒன்றை உலர் மணலிலும் மற்றதைச் சற்று ஈர மணலிலும் வைப்பதாக இருக்கிறேன்.

வெப்பமும் பாலும்

வெப்பநிலையைக் குறிப்பது வீண் வேலையன்று. சிறுத்தைப் பல்லி முட்டைகளை 26 டிகிரியில் வைத்தால் பெண் குட்டிகளும், 32.5 டிகிரியில் பெரும்பாலும் ஆண் குட்டிகளும் பிறக்கின்றன. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1976-இல் தொடங்கப்பெற்ற சென்னை முதலைப் பண்ணையில் சதுப்பு முதலை முட்டைகளை ஆராய்ந்து 1989-இல் முடிவை வெளியிட்டனர். 28 முதல் 31 டிகிரி வரை மாறாத வெப்பத்தில் வைத்தவை அனைத்தும் பெண், 32.5 டிகிரியில் வைத்தவை அனைத்தும் ஆண். புவி வெப்பம் ஏறிவரும் இக்காலத்தில் இது கவலையோடு எண்ண வேண்டிய செய்தி.

நம் மாவட்டத்துச் சிறுமலையில் வாழும் பெரிய பல்லி ஒன்று புதிய இனம் என்று 2020-இல்தான் அறிவிக்கப்பட்டு, அம்மலையின் பெயரையே பெற்றது. நம் கண்முன் இருப்பவற்றிலேயே அறிய வேண்டியவை இன்னும் உள்ளன என்பதற்கு இது சான்று.

நண்பர்களே, வீட்டுப் பல்லியைக் கூண்டிலிட்டு வளர்க்க வேண்டுவதில்லை. அது நம்மோடுதான் வாழ்கிறது, கொசுவையும் பூச்சியையும் தின்கிறது. அடுத்த முறை வெள்ளையடிக்கும்போது அம்முட்டைகள் கண்ணில் பட்டால், புரட்டாமல் எடுத்து ஓர் இடுக்கில் வையுங்கள். என் குட்டிகள் இரண்டையும் மீட்டர் பலகைக்குப் பின்னாலேயே விட்டுவிட்டேன். இரவில் விளக்கடியில் ஒரு சிறு பல்லி வந்தால், “உன் புள்ள வந்திருக்கான் பாரு” என்கிறார் அம்மா.