வினாவும் மௌனமும்

சென்னைப் பெசன்ட் நகரில், கடற்கரைக்கு அணித்தே டாக்டர் உ.வே.சா. நூல் நிலையம் அமைந்துள்ளது. 1943இல் நிறுவப்பெற்ற அந்நிலையம், சாமிநாதையர் திரட்டிய ஓலைச்சுவடிகளைக் காத்து வருகிறது. அவ்வட்டாரத்தில் இன்று, வேலை தேடியவாறே ஏதேனும் ஒரு துறையைத் தாமாகக் கற்கும் இளைஞர் பலர். தொடக்கத்து ஊக்கம் சில வாரங்களில் தளர்ந்துவிடுகிறது. விண்ணப்பத்திலோ 'கற்று வருகிறேன்' என்று எழுதியாயிற்று. நிறுவனம் அழைக்கும்போது சிலர் மறுமொழியே தருவதில்லை. அதனை அலட்சியம் என்பர். பல வேளைகளில் அது நாணமே. எழுதியதற்கும் கற்றதற்கும் உள்ள தொலைவைப் பிறர்முன் ஒப்புக்கொள்ள மனம் கூசுகிறது. (விண்ணப்பித்தவருக்கு ஒரு வரியும் எழுதாத நிறுவனங்களும் உள என்பதை மறத்தற்கில்லை.)

அத்தகைய தருணம் சாமிநாதையருக்கும் நேர்ந்தது. 1880 பிப்ரவரியில் அவர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார். அப்போது வயது ஏறத்தாழ 25. அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள், அவ்வூர் முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். கற்றவை யாவை என முதலியார் வினவினார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என ஐயர் அடுக்கிக்கொண்டே சென்றார். முதலியார் முகத்தில் வியப்பேதும் தோன்றவில்லை. சீவக சிந்தாமணி முதலிய பழைய நூல்களைப் படித்ததுண்டா என்பதே அவருடைய அடுத்த வினா. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர், கல்லூரி ஆசிரியர். 'இல்லை' என்று சொல்லுதல் எளிதன்று. ஐயர் அதனைச் சொன்னார். பிரதி கிடைத்தால் படிக்கலாம் என்றும் கூறினார். அதன்பின் அவ்வீட்டுப் பக்கம் தலைகாட்டாமலும் இருந்திருக்கலாம். மீண்டும் சென்றார்.

பின்வந்த 7 ஆண்டுகள் அவருக்குக் கற்பிக்க ஆசிரியர் எவரும் இலர். ஆயினும் அவர் தனியே கற்றாரல்லர் என்பதே இங்கு நுணுகி நோக்கத்தக்கது. முதலியார் உடனிருந்து பாடம் கேட்டார். கேட்பவர் வருவாராதலின் முன்கூட்டியே படித்து வைத்தல் வேண்டும். சமண சமயச் செய்திகள் விளங்காதபோது, கும்பகோணத்தில் வாழ்ந்த சமணரை நாடினார். ஆண்டில் இளையவரா, பதவியில் தாழ்ந்தவரா என எண்ணாது, தெரிந்தவரிடம் வினவினார். நச்சினார்க்கினியர் உரையில் மேற்கோளாக வந்த வரிகள் எந்நூலைச் சார்ந்தவை என்று தெரியாமற் போகவே, அவ்வையமே அவரைப் பிற சுவடிகளிடத்துக் கொண்டு சென்றது. தெரியாமை மறைக்கத்தக்க குறையாக இராமல், மறுநாளைய வேலையாக மாறிற்று.

சிந்தாமணி 1887இல் அச்சேறியது. அடுத்துப் பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும் வெளிவந்தன. சிந்தாமணியை அவர் அத்துடன் முடிந்த வேலையாகக் கொள்ளவில்லை. இடையில் கிடைத்த சுவடிகளோடு ஒப்பிட்டுத் திருத்தி, 1907இல் இரண்டாம் பதிப்பாக வெளியிட்டார்.