பளபளப்பை நம்பாதீர்கள், குழலை அளந்து பாருங்கள்

நூறு ஆண்டு பழைய, உயர்தர இங்கிலாந்து இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று ஏலத்துக்கு வந்தால், அதோடு கதைகளும் சேர்ந்தே வரும். அந்தக் கதைகளை நம்பி நல்ல துப்பாக்கியைக் கழித்துக் கட்டுகிறார்கள்; கெட்டுப்போனதைப் பெரும் விலை கொடுத்து வாங்குகிறார்கள். சேகரிப்பாளர்களை அதிகம் ஏமாற்றும் ஐந்து நம்பிக்கைகள் இவை.

நம்பிக்கை 1: டமாஸ்கஸ் குழல் என்றால் சுட்டதும் வெடித்துவிடும்.

உண்மை: இரும்புக் கம்பியையும் எஃகுக் கம்பியையும் சேர்த்துக் கயிறு திரிப்பதுபோல் முறுக்கி, உருளைமேல் சுற்றி, காய்ச்சி அடித்து இணைத்ததே டமாஸ்கஸ் குழல். கருமருந்துக் காலத்துச் சரக்கு, புகையில்லா மருந்தைத் தாங்காது என்ற பயம் பரவிவிட்டது. ஆனால் பிரிட்டனின் சோதனைச்சாலைகளில் புகையில்லா மருந்துக்கான சோதனையில் தேறி முத்திரை பெற்ற டமாஸ்கஸ் குழல்கள் உண்டு. அதற்காக எல்லாவற்றையும் நம்பிவிடவும் கூடாது. உள்ளே துரு தின்ற குழிகள், ஒடுக்குகள், சுவரின் கனம் ஆகியவற்றைப் பார்த்து ஒவ்வொரு குழலையும் தனித்தனியாகத்தான் மதிப்பிட வேண்டும். எஃகுக் குழலுக்கும் இதே விதிதான்.

நம்பிக்கை 2: சோதனை முத்திரை இருந்தால் பயமில்லை.

உண்மை: முத்திரை சொல்வது சோதித்த நாளின் நிலையை மட்டுமே. அதன்பிறகு துருக்குழிகளைப் போக்க யாரேனும் உட்புறத்தைத் தேய்த்திருக்கலாம். ‘12 போர்’ (bore) எனப்படும் அளவுக் குழலின் உள்விட்டம் 0.729 அங்குலம். அந்த அளவுக்கு முத்திரை பெற்ற குழல் இன்று 0.740 காட்டினால், மறுசோதனை இல்லாமல் பிரிட்டனில் அதை விற்பது குற்றம். உள்விட்டம் பெருத்ததில் பாதியளவுக்குச் சுவர் மெலிந்திருக்கும். மிக மெலிந்த இடத்தில் 0.020 அங்குலத்துக்கு, அதாவது அரை மில்லிமீட்டருக்கு, கீழே போய்விட்டால் அனுபவசாலிகள் பின்வாங்குவார்கள். உள்விட்டத்தை மட்டும் அளந்தால் இது தெரியாது. சுவரின் கனத்தை அளக்கத் தனிக் கருவி வேண்டும்.

நம்பிக்கை 3: உள்ளே நுழைகிற 12 போர் தோட்டா எதையும் சுடலாம்.

உண்மை: பழைய இங்கிலாந்துத் துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அறையின் நீளம் 2½ அங்குலம்தான். இன்று பரவலாகக் கிடைப்பது 2¾ அங்குலத் தோட்டா. தோட்டாவின் நீளத்தைக் குறிப்பிடுவது, சுட்ட பிறகு வாய் விரிந்த நிலையில் அளந்து. சுடாத தோட்டா மடங்கி, குட்டையாக இருப்பதால் சிறிய அறையிலும் தடையின்றி நுழைந்துவிடும். சுடும்போதுதான் அதன் வாய் அறையைத் தாண்டி, குழல் குறுகும் இடத்தில் விரிந்து, ரவை போகும் வழியை நெருக்கி, அழுத்தத்தை ஏற்றும். இதற்காக அறையை நீட்டிக் கடைந்த துப்பாக்கிகளும் உண்டு. அழுத்தம் மிகுந்த பகுதியிலேயே உலோகத்தைக் குறைத்துவிட்ட வேலை அது. மறுசோதனை முத்திரை இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

நம்பிக்கை 4: புதுப்பித்தால் விலை கூடும்.

உண்மை: பெரும்பாலும் குறையும். எலும்புக்கரியும் மரக்கரியும் சூழப் பழுக்கக் காய்ச்சி, நீரில் அமிழ்த்தும்போது எஃகின்மேல் நீலமும் பழுப்புமாகப் படியும் நிறங்கள் ஒரு துப்பாக்கியின் பிறவிச் சொத்து. மங்கிப்போயிருந்தாலும் அந்த அசல் நிறத்துக்குத்தான் மதிப்பு. அமெரிக்காவின் பார்க்கர் பிரதர்ஸ் துப்பாக்கிகளைச் சேகரிப்போர் இதில் மிகவும் கண்டிப்பானவர்கள். இங்கிலாந்தில் பராமரிப்புக்காகத் தயாரிப்பாளரிடமே அனுப்புவது பழைய வழக்கம் என்பதால், குழலுக்கு முறையாக மறுநிறம் ஏற்றியிருந்தால் குறையாகப் பார்க்கமாட்டார்கள். ஆனால் பாலிஷ் சக்கரத்தில் கொடுத்து, செதுக்கிய கோடுகளின் கூர்மையை மழுங்கடித்துவிட்டால் அந்த அசல் செதுக்கலை எந்தக் கைவினைஞராலும் மீட்க முடியாது. ஒரு தேர்ந்த செதுக்குக் கலைஞரின் பல வார உழைப்பை ஒரே மதியத்தில் அழிக்கும் காரியம் அது. திருகுகளின் தலையைப் பாருங்கள்: கீறல் விழுந்து, பிளவு சிதைந்திருந்தால் விவரம் தெரியாத கை உள்ளே புகுந்திருக்கிறது.

நம்பிக்கை 5: பெரிய பெயரும் நிறைய சித்திர வேலைப்பாடும் இருந்தால் போதும்.

உண்மை: 1814இல் தொடங்கிய இங்கிலாந்துத் துப்பாக்கி நிறுவனமான பர்டியின் மரபான அலங்காரம் சிறு ரோஜாக்களும் மெல்லிய சுருள்களும்தான். உயர்தரம் தெரிவது மரமும் உலோகமும் இடைவெளியின்றிப் பொருந்தும் விதத்தில். பெயரையும் அப்படியே நம்ப முடியாது. வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் என்ற இங்கிலாந்து நிறுவனத்தின் துப்பாக்கி என்று மயங்க வைப்பதற்காகவே ‘டபிள்யூ. ரிச்சர்ட்ஸ்’ என்று பொறித்த பெல்ஜியச் சரக்கு ஏராளமாக விற்றது. அசல் நிறுவனத்தின் துப்பாக்கியாகவே இருந்தாலும், பழைய குழலின் அடிப்பகுதியை மட்டும் விட்டு, மற்றதை வெட்டிப் புதுக்குழல் செருகியிருக்கலாம். அடியிலிருந்து சில அங்குலம் தள்ளிக் குழலைச் சுற்றி மெல்லிய கோடு தெரிகிறதா, ‘ஸ்லீவ்ட்’ என்ற முத்திரை இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் சுடுவதற்கு உதவும். சேகரிப்பு மதிப்பு வெகுவாக இறங்கிவிடும்.

ஆகவே துப்பாக்கியைப் பார்க்கும் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். துப்பாக்கியைத் திறந்து, தோட்டா இல்லை என்று உறுதி செய்த பிறகு முதலில் குழலை அளக்கச் சொல்லுங்கள். அடுத்து குழல், பூட்டுப்பகுதி, முன்கட்டை மூன்றிலும் உள்ள எண்களை ஒப்பிட்டு, தயாரிப்பாளரின் பதிவேட்டோடு சரிபாருங்கள். கட்டையில் வெடிப்பும் எண்ணெய் ஊறலும் உண்டா என்று அதன்பிறகு பார்க்கலாம். சித்திர வேலைப்பாட்டை ரசிப்பது கடைசியில். அளக்க அனுமதிக்காத விற்பனையாளரிடம், எவ்வளவு அழகான துப்பாக்கியாக இருந்தாலும், பணம் கொடுக்காதீர்கள்.