வாசலில் போட ஒரு மரப்பெஞ்சு: எந்த மரம், எந்த அமைப்பு?

"வீட்டு வாசலில் போட ஒரு பெஞ்சு நானே செய்யப்போகிறேன், என்ன மரம் வாங்கட்டும்?" என்று கேட்கிறவர்களிடம், "எங்கே போடப்போகிறீர்கள்?" என்று முதலில் திருப்பிக் கேட்பேன். கூரை இறக்கிய திண்ணையோரம் என்றால் சாரல் மட்டும்தான் படும். மொட்டைமாடி என்றால் சித்திரை வெயில் பலகையைப் பிளந்துவிடும். கொல்லையில் மாமரத்தடி என்றால் கரையான் கால்வழியே ஏறும். மூன்று இடத்துக்கும் ஒரே பதில் கிடையாது.

எல்லோர் வாயிலும் முதலில் வருவது தேக்கு. அதற்கு நியாயம் இருக்கிறது. தேக்கு வைரத்தில் இயற்கையாகவே எண்ணெய்ப்பசை உண்டு. பூஞ்சையும் கரையானும் எளிதில் நெருங்காது, நனைந்து காய்ந்தாலும் பெரிதாக முறுக்காது. ஆனால் இந்தப் பெருமை முழுவதும் வைரத்துக்கு மட்டும் உரியது. சீக்கிரம் வளர்த்து வெட்டிய இளந்தேக்கில் ஓரமெல்லாம் வெள்ளை ஓடியிருக்கும். கரையான் முதலில் தின்பது அந்த வெள்ளையைத்தான். "தேக்குதான் சார்" என்று கடைக்காரர் சொன்னதும் பணத்தை எடுக்காதீர்கள். பலகையைப் புரட்டி நாலு பக்கமும் பாருங்கள். வெளிறிய பட்டை ஓடினால் அந்த அகலத்தைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

வேம்பு விலை குறைவு, ஊருக்கு ஊர் கிடைக்கும், பூச்சியும் அவ்வளவாக அண்டாது. ஆனால் அதன் இழை பின்னிப் பின்னி ஓடுவதால் இழைப்புளி ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு போகும், மறுபக்கம் பிய்த்துக்கொண்டு வரும். ஈரம் வற்றாத வேம்பு அதைவிட மோசம். என் முதல் பெஞ்சு வேம்புதான். "நல்லாக் காய்ஞ்ச மரம்" என்று சொல்லிக் கொடுத்ததை நம்பி பங்குனியில் செய்து முடித்தேன். ஆடி பிறப்பதற்குள் நடுப்பலகை இரண்டும் தோணிபோல வளைந்து, திருகாணியைப் பிடுங்கிக்கொண்டு எழும்பிவிட்டன. ஒரு அங்குலத் தடிப்புப் பலகை நிழலில் காய ஏறக்குறைய ஒரு வருடம் வேண்டும் என்பது தச்சர்கள் கையாளும் கணக்கு. அதன் பிறகு நான் எந்தப் பலகை வாங்கினாலும் அதில் ஒரு சிறு துண்டை அறுத்து, சமையலறைத் தராசில் நிறுத்து, எடையைப் பென்சிலால் அதிலேயே எழுதிவைக்கிறேன். வாரம் ஒருமுறை நிறுத்துப் பார்ப்பேன். எடை குறைவது நின்றால்தான் அறுக்க உட்காருவேன்.

பூவரசு கிடைத்தால் விடாதீர்கள். முற்றிய பூவரசின் வைரம் ஈரத்தையும் கரையானையும் நன்றாகத் தாங்கும். நீளமான நேர்ப்பலகை அதில் கிடைப்பது அரிது, கால்களுக்கு உகந்த மரம். பேக்கிங் பெட்டி உடைத்த பைன் பலகை மலிவு, அறுக்கச் சுகம். கூரைக்குக் கீழே இருக்கட்டும், திறந்தவெளியில் சில மழைக்காலத்துக்கு மேல் நிற்காது. வாங்கும்போது அதில் குத்தியிருக்கும் முத்திரையைப் பாருங்கள். 'எச்டி' என்றால் சூடேற்றிப் பதப்படுத்தியது, எடுத்துக்கொள்ளலாம். 'எம்பி' என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுவாயு செலுத்தியது, உட்காரும் சாமானுக்கு வேண்டாம்.

என் ஓட்டு இவை எதற்கும் இல்லை, இடிப்பு மரத்துக்குத்தான். பழைய வீடு இடிக்கும்போது கிடைக்கும் கைமரம், உத்தரம், கதவு நிலை எல்லாம் ஊரூராகப் பழைய மரக்கடைகளில் விற்பனைக்கு வருகின்றன. காரைக்குடிப் பக்கம் போனால் பர்மா தேக்கே கிடைக்கும். ஐம்பது அறுபது வருடம் கூரையில் நின்ற மரம், வளைய வேண்டியதெல்லாம் அப்போதே வளைந்து முடித்திருக்கும். வேலை கொஞ்சம் கூடுதல். ஒரு காந்தத்தை நூலில் கட்டிப் பலகை நெடுகத் தொங்கவிட்டு ஓட்டுங்கள். உள்ளே ஒடிந்து கிடக்கும் ஆணி பக்கம் போனதும் காந்தம் இழுபடும். அந்த ஆணி ரம்பத்தின் பல்லில் பட்டால் பல் போய்விடும். மேல்பரப்பை இழைத்ததும் எழும்பும் தேக்கு வாசனைக்காகவே இந்தச் சிரமத்தைப் படலாம்.

எவ்வளவு மரம் வேண்டும்? நீளம் அடியில், அகலமும் தடிப்பும் அங்குலத்தில், மூன்றையும் பெருக்கி 144 ஆல் வகுத்தால் கன அடி. 4 அடி நீளச் சாய்வில்லாப் பெஞ்சுக்கு இருக்கைப் பலகை, கால், சட்டம் எல்லாம் சேர்த்து ஒன்றேகால் கன அடி வரும். கழிவுக்கும் சேர்த்து ஒன்றரை வாங்குங்கள்.

அடுத்தது அமைப்பு. சாய்வுள்ளதா, இல்லாததா? முதல்முறை செய்கிறவர் சாய்வில்லாததையே செய்யட்டும். சாய்வு வைத்தால் பின்கால் கொஞ்சம் பின்னோக்கிச் சாய வேண்டும், அதனால் ஒவ்வொரு பொருத்தும் கோணலாக வரும். வீட்டில் முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் இருந்தால் மட்டும் இந்த யோசனையை மாற்றிக்கொள்ளுங்கள். அவர்களுக்குக் கை ஊன்றி எழக் கைப்பிடியும் வேண்டும், உயரமும் 18 அங்குலம் வேண்டும். மற்றவர்களுக்கு 17 போதும்.

மரத்தைக் கெடுப்பது மழையைவிட, மழைக்குப் பிறகு தேங்கும் தண்ணீர்தான். எவ்வளவு உயர்ந்த மரம் போட்டாலும் இது மாறாது. இருக்கையை ஒரே அகலப் பலகையாகப் போடாமல் 3 அங்குல அகலச் சட்டங்களாகப் போட்டு, இரண்டுக்கும் நடுவே ஒரு பென்சில் நுழையும் இடைவெளி விடுங்கள். தண்ணீரும் வடியும், மரம் உப்பினாலும் இடிக்காது. முன்சட்டத்தின் மேல்விளிம்பை நன்றாக உருட்டிவிடுங்கள். கூர்மையாக விட்டால் முழங்காலுக்குப் பின்னால் அழுத்தி, பத்து நிமிடத்தில் கால் மரத்துப்போகும். காலின் அடிமுனைதான் தண்ணீரை அதிகம் உறிஞ்சும், அதனால் ஒவ்வொரு காலுக்கும் கீழே ஒரு கடப்பாக்கல் துண்டு வையுங்கள்.

பொருத்துக்குத் திருகாணியா, துளையடித்து நாக்கு செதுக்குவதா? கால் சட்டத்தோடு சேரும் எட்டு இடத்திலும் நாக்குப் பொருத்தே செய்யுங்கள், ஆட்டம் காட்டாது. தேக்கில் பசை தடவுமுன் அந்த இடத்தைத் தின்னர் தோய்த்த துணியால் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெய்ப்பசை பிடிக்கவிடாது. பசையும் தண்ணீர் தாங்கும் வகையாக இருக்கட்டும். இருக்கைச் சட்டங்களுக்குத் துருப்பிடிக்காத ஸ்டீல் திருகாணி போதும். சாதாரண இரும்பாணி துருவேறி, சுற்றிலும் மரத்தைக் கறுக்கவைக்கும்.

பூச்சில் வார்னிஷைவிட எண்ணெய் மேல். வார்னிஷ் முதல் வருடம் பளபளக்கும். வெயிலில் ஒரு இடம் வெடித்தால் தண்ணீர் உள்ளே போய்ச் செதில் செதிலாக உரியும், முழுதும் சுரண்டித்தான் மறுபடி பூச முடியும். லின்சீட் எண்ணெய் என்றால் புரட்டாசியில், மழைக்கு முன், துடைத்துவிட்டு ஒரு கை தேய்த்தால் போதும். வேப்பெண்ணெய் காயாமல் பிசுபிசுக்கும், உட்கார்ந்தவர் வேட்டியில் ஒட்டும். முந்திரிக்கொட்டை எண்ணெய் வேலிக்கும் படகுக்கும் நல்லது. அது தோலைப் புண்ணாக்கும், இருக்கையில் தடவாதீர்கள்.

லின்சீட் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிட்டுப் போகாதீர்கள். அது காயும்போது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே கொடியில் விரித்துக் காயவிட்டு, விறைத்த பிறகு குப்பையில் போடுங்கள்.