சொல்லும் சான்றும்

விக்கிப்பீடியா என்பது 2001ஆம் ஆண்டில் இணையத்தில் தோன்றிய கலைக்களஞ்சியம். அதனைப் படிப்போரே அதில் எழுதலாம். பிறர் எழுதியதைத் திருத்தவும் செய்யலாம். இவ்வுரிமை பெரிது, ஆதலின் அதற்குரிய கடமையும் பெரிது.

இங்கிலாந்து நாட்டின் நாட்டிங்காம் நகரில், நாட்ஸ் கவுண்டி என்னும் கால்பந்துக் கழகம் 1862இல் தோன்றியது. அதன் அன்பர் ஒருவர், 'உலகிலேயே பழமையான கால்பந்துக் கழகம் இதுவே' என்று அக்கழகத்தைப் பற்றிய கட்டுரையில் எழுதிவிட்டார் என்று கொள்வோம். ஆனால், ஷெஃபீல்டு கால்பந்துக் கழகம் 1857இலேயே நிறுவப்பெற்றது. அவ்வாறாயின் நாட்ஸ் கவுண்டியின் பெருமை பொய்யோ? அன்று. ஆட்டத்தையே தொழிலாகக் கொண்டோர் ஆடும் தொழில்முறைக் கழகங்களுள் இன்று மூத்தது அதுவே. 'தொழில்முறை' என்னும் ஒரு சொல்லைச் சேர்த்த அளவில் பிழை நீங்கி உண்மை விளங்குகிறது.

அச்சொல்லைச் சேர்த்தால் மட்டும் போதாது. நம்பத்தக்க நூலையோ செய்தித்தாளையோ சான்றாகக் காட்டுதல் வேண்டும். 'ஈடு இணையற்ற கழகம்' போன்ற வெற்றுப் புகழுரைகளை நீக்குதல் வேண்டும். பிறர் மறுத்துரைப்பின், கட்டுரைக்குரிய பேச்சுப் பக்கத்தில் அவரோடு பொறுமையாக உரையாடித் தெளிதல் வேண்டும்.

தாம் விரும்பும் கழகத்தின் புகழைப் பெருக்க விழைதல் இயல்பே. ஆயினும், மிகைப்படக் கூறிய புகழ் பொய்யென்று அறியப்படும் நாளில், மெய்யான பெருமையும் ஐயத்திற்கு உள்ளாகும். அன்பு கொண்ட பொருளைப் பற்றி எழுதுங்காலும் உண்மையின் எல்லையில் நிற்பவரே அதற்கு நற்றொண்டு செய்தவராவர்.