முதலில் எழுவது யார்?

இரண்டாம் ஆண்டு, கணிப்பொறித் துறை



ஒரு கம்ப்யூட்டரின் டிஸ்கில் உள்ள டைரக்டரியை இன்னொரு கம்ப்யூட்டர் தன்னுடையது போலவே பயன்படுத்த வழி செய்வது என்.எப்.எஸ்., அதாவது நெட்வொர்க் பைல் சிஸ்டம். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கம்பெனி 1984-ல் இதை உருவாக்கியது. கொடுப்பவர் 'எக்ஸ்போர்ட்' செய்வார், வாங்குபவர் 'மவுண்ட்' செய்வார். பரீட்சைக்கு இவ்வளவு போதும். ஆனால் கரண்ட் போய்த் திரும்பி வரும் நேரத்துக்கு இது போதாது!

ஓர் உதாரணம் பார்ப்போம். 'அ' சர்வரில் மாணவர்களின் பைல்கள் இருக்கின்றன. 'ஆ' சர்வரில் எல்லோருக்கும் பொதுவான சாப்ட்வேர் இருக்கிறது. சாப்ட்வேருக்காக அ, ஆ-வை மவுண்ட் செய்கிறது. தினமும் பேக்கப் எடுப்பதற்காக ஆ, அ-வை மவுண்ட் செய்கிறது. இரண்டும் ஓடிக்கொண்டிருக்கும் வரை ஒரு தொந்தரவும் தெரியாது.

இப்போது கரண்ட் போய் வருகிறது. இரண்டும் ஒன்றாக பூட் ஆகின்றன. வெளியிலிருந்து வாங்குவதை மவுண்ட் செய்துவிட்டு, பிறகுதான் தன்னுடையதை எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும் என்று இரண்டிலும் வரிசை அமைந்திருந்தால் என்ன ஆகும்? அ, ஆ-வுக்காகக் காத்திருக்கும். ஆ, அ-வுக்காகக் காத்திருக்கும். லினக்ஸில் நாம் எதுவும் குறிப்பிடாவிட்டால் மவுண்ட் கட்டளை 2 நிமிடம் முயன்றுவிட்டுக் கைவிடும். இரண்டும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் கைவிட்டு, மவுண்ட் இல்லாமலே எழுந்து நிற்கும்.

எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். இதை அம்மாவிடம் இப்படிச் சொன்னேன்: "எங்க வீட்டுச் சாவி உங்க வீட்டுக்குள்ள, உங்க வீட்டுச் சாவி எங்க வீட்டுக்குள்ள. ரெண்டு கதவும் பூட்டியிருக்கு." அம்மா யோசிக்கவே இல்லை. "ஒரு சாவியையாவது வெளிய வைக்கணும்டா" என்றார். நண்பர்களே, அதுதான் விடை!

சரி, மவுண்ட் ஆகாவிட்டால் என்ன குடி முழுகிப்போகும் என்கிறீர்களா? மவுண்ட் ஆக வேண்டிய இடத்தில் காலி டைரக்டரி இருக்கும். மூலத்தில் இல்லாததை நகலிலும் அழித்துவிடும்படி எழுதிய பேக்கப் ஸ்கிரிப்ட், அந்தக் காலி டைரக்டரியையே மூலம் என்று நம்பி, எடுத்து வைத்த பேக்கப்பை எல்லாம் அழித்துவிடலாம். ஆறு மாதம் உழைத்த புராஜெக்ட்டின் ஒரே நகல் அதில் இருந்தால்?

செய்ய வேண்டியவை:

1. வட்டத்தை உடையுங்கள். யாரையும் எதிர்பார்க்காத ஒரு சர்வர் இருக்கட்டும். அதுவே முதலில் எழட்டும். மேலே சொன்ன உதாரணத்தில், சாப்ட்வேரின் ஒரு நகலை அ-விலேயே வைத்துவிட்டால் வட்டம் உடைந்துவிடும்.

2. அது முடியாவிட்டால் 'பி.ஜி.' என்ற ஆப்ஷன் இருக்கிறது. முதல் முயற்சி தோற்றால் மவுண்ட் பின்னணிக்குப் போய் 10,000 நிமிடம், அதாவது ஏறக்குறைய ஒரு வாரம், முயன்றுகொண்டே இருக்கும். பூட் நிற்காது.

3. ஆட்டோமவுண்ட் இன்னும் நல்லது. யாராவது அந்த டைரக்டரியைத் தொடும்போதுதான் மவுண்ட் நடக்கும். பூட் நேரத்தில் காத்திருக்க வேண்டியதே இல்லை.

4. நெட்வொர்க் சர்வீஸ் தொடங்கிவிட்டது என்பது வேறு, ஐ.பி. முகவரி கிடைத்துவிட்டது என்பது வேறு. சிஸ்டம்டி இந்த இரண்டையும் தனித்தனி நிலையாகவே வைத்திருக்கிறது. பெயரைத் தேடித் தரும் டி.என்.எஸ். சர்வரும் அதே நேரத்தில் எழுந்துகொண்டிருக்கலாம். அதனால் சர்வர்களின் பெயரையும் முகவரியையும் ஹோஸ்ட்ஸ் பைலில் எழுதி வையுங்கள்.

5. பேக்கப் ஸ்கிரிப்ட்டின் முதல் வரியிலேயே 'மவுண்ட்பாயிண்ட்' கட்டளையால் சோதியுங்கள். மவுண்ட் இல்லையென்றால் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிட வேண்டும்.

கடைசியாக ஒன்று. ஒரு தாளில் சர்வர்களை வரைந்து, யார் யாரை எதிர்பார்க்கிறார் என்று அம்புக்குறி போடுங்கள். அம்பு சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்தால் அங்கேதான் வம்பு! பிறகு லேப் சாரிடம் அனுமதி வாங்கி, பேக்கப்பைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, எல்லா சர்வரையும் முறையாக ஷட்டவுன் செய்து ஒன்றாக ஆன் செய்து பாருங்கள். பிராக்டிகல் பரீட்சை அன்று கரண்ட் வந்து அந்தச் சோதனையை நடத்துவதைவிட, அதற்கு முன்பே நாம் நடத்திவிடுவது நல்லது.