பொருள் தேர்வும் சார்புப் பட்டியல்களும்

வளர்ச்சித் திட்டங்களுக்கு ஒதுக்கப்படும் நிதியின் கணிசமான பகுதி, இறுதியில் சிமெண்ட், இரும்புக் கம்பி, செங்கல், மணல், ஜல்லி ஆகிய பொருள்களாகவே உருப்பெறுகிறது. பள்ளிக் கட்டடமாயினும் சிறு பாலமாயினும், அதற்கான பொருள் மதிப்பீடு முதலில் ஏதேனும் ஓர் அலுவலகத்தில் வரிசை வரிசையாக எழுதப்படுகிறது. முன்பு பேரேட்டில் எழுதப்பட்ட இம்மதிப்பீடு இன்று பெரும்பாலும் கணினியின் விரிதாளில் தயாராகிறது.

கருவி மாறியபோதிலும் பழைய குறை ஒன்று தொடர்கிறது. ஒரே பொருளை ஓர் எழுத்தர் ‘சிமெண்ட்’ என்றும், மற்றவர் ‘சிமென்ட்’ என்றும், வேறொருவர் ‘போர்ட்லண்ட்’ என்றும் பதிவு செய்கின்றனர். மனிதக் கண்ணுக்கு இவை ஒன்றே. கணினிக்கு மூன்று வெவ்வேறு பொருள்கள். பல அலுவலகங்களின் தாள்களைத் தொகுத்து மாவட்டத் தேவையைக் கணக்கிடும்போது, ஒரு பொருளின் மொத்த அளவு மூன்று இடங்களில் சிதறி நிற்கிறது. இக்குறையை நீக்கும் எளிய வழிகளுள் ஒன்றே சார்புப் பட்டியல் முறை.

வகைப்பாடே அடிப்படை

தட்டச்சு செய்வதற்குப் பதிலாக, கட்டத்தைச் சொடுக்கியவுடன் கீழே விரியும் பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பது கீழ்விரி பட்டியல் எனப்படும். முதற் பட்டியலில் எடுத்த முடிவுக்கேற்ப அடுத்த பட்டியலின் உள்ளடக்கம் மாறுமாயின், பின்னது சார்புப் பட்டியலாகும். முதற் கட்டத்தில் ‘கம்பி’ எனத் தேர்ந்தால் இரண்டாவது கட்டம் கம்பியின் தரங்களை மட்டுமே காட்டும். ‘சிமெண்ட்’ எனத் தேர்ந்தால் சிமெண்ட் வகைகளை மட்டுமே காட்டும்.

இக்கருத்து கணினியால் பிறந்ததன்று. 1988 ஜனவரி 1 முதல் பன்னாட்டு வணிகத்தில் நடைமுறையிலுள்ள ஒத்திசைவு வகைப்பாட்டு முறை இதே ஏணிப்படி அமைப்பைக் கொண்டது. அதில் 25 என்பது உப்பு, கல், சுண்ணாம்பு, சிமெண்ட் முதலியவற்றின் அத்தியாயம். 2523 என்பது அதனுள் சிமெண்டின் தலைப்பு. மேலும் இரண்டு இலக்கங்கள் சேரும்போது சிமெண்டின் உட்பிரிவு கிடைக்கிறது. நம் நாட்டில் 2017 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த சரக்கு மற்றும் சேவை வரியும் பொருள்களுக்கு இவ்வகைப்பாட்டையே தழுவியுள்ளது. ஆகவே விரிதாளில் முதலில் செய்ய வேண்டியது சூத்திரம் எழுதுவதன்று. எது எதனுள் அடங்கும் என்று தீர்மானிப்பதேயாகும்.

அமைக்கும் முறை

விரிதாளின் தனிப் பக்கம் ஒன்றில் பொருள்களின் பெயர்கள் முதல் வரிசையில் தலைப்புகளாக எழுதப்படுகின்றன. ஒவ்வொரு தலைப்பின் கீழும் அதன் வகைகள் இடம்பெறும். கம்பியின் கீழ், ஐ.எஸ். 1786 தர நிர்ணயப்படி எஃப்ஈ 415, எஃப்ஈ 500, எஃப்ஈ 550 முதலியவை வரும். சிமெண்டின் கீழ் சாதாரண போர்ட்லண்ட், பொசோலானா, கசடு சிமெண்ட் ஆகியவை வரும். பின்னர் ஒவ்வொரு பத்திக்கும் அதன் தலைப்பையே பெயராகச் சூட்ட வேண்டும்.

மதிப்பீட்டுப் பக்கத்தில் முதற் கட்டத்திற்கு ‘டேட்டா வாலிடேஷன்’ என்னும் வசதியின் மூலம் தலைப்புகளின் பட்டியல் இணைக்கப்படுகிறது. இரண்டாவது கட்டத்திற்கு ‘இன்டைரக்ட்’ என்னும் சார்பு பயன்படுகிறது. முதற் கட்டத்திலுள்ள சொல்லை வெறும் சொல்லாகக் கொள்ளாமல், அப்பெயருடைய பகுதியைத் தேடி எடுத்து வருவதே இச்சார்பின் பணி.

மூன்றாவது படியாகக் கம்பியின் விட்டம் வருகிறது. 8, 10, 12, 16 மில்லிமீட்டர் ஆகிய விட்டங்கள் எல்லாத் தரங்களுக்கும் பொதுவானவை. எனவே விட்டப் பட்டியலைத் தரத்தைச் சார்ந்ததாக அமைக்கத் தேவையில்லை. ‘கம்பி’ என்னும் முதற் படியைச் சார்ந்தால் போதும். உண்மையில் இல்லாத சார்பைத் தாளில் புகுத்தினால் ஒரே பட்டியலைப் பல இடங்களில் பராமரிக்க நேரும். நாளடைவில் அவை ஒன்றுக்கொன்று மாறுபடும்.

பெயர் சூட்டுவதில் சிக்கல்

பகுதிகளுக்குச் சூட்டும் பெயரில் இடைவெளி இருத்தலாகாது, இலக்கத்தில் தொடங்கலாகாது. இவற்றைப் பலர் அறிவர். அறியாதது மற்றொன்று. தரத்தின் பெயரால் ஒரு பட்டியல் அமைக்க முயன்று, எஃப், ஈ என்னும் ஆங்கில எழுத்துகளுடன் 500 என்ற எண்ணையும் இடைவெளியின்றி எழுதினால் எக்செல் அதனை ஏற்பதில்லை. அது 161ஆவது பத்தியில் 500ஆவது வரிசையிலுள்ள கட்டத்தின் முகவரியாகவும் இருப்பதே காரணம். எழுத்துகளுக்கும் எண்ணுக்கும் இடையே அடிக்கோடு இட்டால் தடை நீங்கும்.

பொருள்களின் எண்ணிக்கை பெருகும்போது வேறொரு முறை சிறந்தது. பொருள், வகை, அலகு, விலைவீதம் ஆகிய நான்கு பத்திகள் கொண்ட ஒரே அட்டவணையைப் பொருள் வாரியாக வரிசைப்படுத்தி வைக்க வேண்டும். ‘மேட்ச்’ என்னும் சார்பு அப்பொருள் தொடங்கும் இடத்தையும், ‘கவுண்ட்இஃப்’ அதன் வரிசைகளின் எண்ணிக்கையையும் கூற, ‘ஆஃப்செட்’ அப்பகுதியை மட்டும் பட்டியலாக அளிக்கும். பெயர் சூட்டும் தொல்லை இதில் இல்லை. ஆனால் அட்டவணையின் வரிசை குலைந்தால் பட்டியலும் பிழையாகும்.

பிழை நுழையும் வழிகள்

சார்புப் பட்டியல் பிழையை அறவே தடுக்கும் என்று கருதுவது தவறு. முதற் கட்டத்தில் ‘கம்பி’யும் இரண்டாவதில் அதன் தரமும் தேர்ந்தபின், எழுத்தர் முதற் கட்டத்தை மட்டும் ‘சிமெண்ட்’ என மாற்றினால் இரண்டாவது கட்டத்தில் பழைய தரம் அப்படியே நிற்கும். புதிதாகத் தட்டச்சு செய்வதையே கணினி சோதிக்கிறது. ஏற்கெனவே இருப்பதைத் தானாகச் சோதிப்பதில்லை. வேறிடத்திலிருந்து நகலெடுத்து ஒட்டும் பதிவும் இச்சோதனையைக் கடந்துவிடுகிறது. முதற் கட்டம் வெறுமையாக இருக்கையில், வெற்றிடத்தைப் புறக்கணிக்கும் அமைப்பு இயங்கினால் இரண்டாவது கட்டம் எதையும் ஏற்றுக்கொள்ளும்.

இதனால் நேரும் இழப்பு சிறிதன்று. 10 மில்லிமீட்டர் கம்பியின் எடை மீட்டருக்கு 0.617 கிலோகிராம், 12 மில்லிமீட்டர் கம்பியின் எடை 0.888 கிலோகிராம். முன்னதற்குரிய இடத்தில் பின்னது நின்றுவிட்டால் எடையும் செலவும் ஏறத்தாழ 44 விழுக்காடு கூடும். மாறாக நிகழ்ந்தால் செலவு குறையும். கட்டடத்தின் வலிமையும் குறையும். சிமெண்ட் மூட்டை 50 கிலோகிராம் கொண்டது. மூட்டைக் கணக்கை டன் என்ற அலகில் எழுதிவிட்டால் தேவை 20 மடங்காகத் தோன்றும்.

இவற்றுக்கு மூன்று பாதுகாப்புகள் உண்டு. முதலாவது, அலகையும் விலைவீதத்தையும் எழுத்தரின் தேர்வுக்கு விடாமல், பொருளும் வகையும் சேர்ந்து அட்டவணையிலிருந்து தேடி எடுக்கும்படி அமைத்தல். இரண்டாவது, பொருளும் வகையும் இணையாக அட்டவணையில் உள்ளனவா என்று ஒவ்வொரு வரிசையின் இறுதியிலும் சோதித்து, இல்லையெனில் சிவப்பு நிறத்தில் காட்டுதல். மூன்றாவது, வகைக் கட்டம் நிரம்பியிருக்கும் வரை பொருள் பட்டியல் திறவாதபடி நிபந்தனை இடுதல்.

பட்டியலில் இல்லாத பொருள்

தொழில் நுட்பத்தைக் கடந்த வினா ஒன்றும் உண்டு. பட்டியலில் இல்லாத பொருள் மதிப்பீட்டில் இடம்பெறாது; மதிப்பீட்டில் இல்லாதது கொள்முதலாகாது. கேரளத்திலும் கொங்கணக் கரையிலும் செம்புரைக்கல் மரபான கட்டுமானப் பொருள், அதற்கு ஐ.எஸ். 3620 என்னும் தர நிர்ணயமும் உண்டு. தலைநகரில் தயாரித்த பொதுப் பட்டியலில் அது விடுபட்டால், அருகில் கிடைக்கும் கல்லை விட்டுத் தொலைவிலிருந்து செங்கல் வரவழைக்க நேரும். அனல்மின் நிலையங்களின் நிலக்கரிச் சாம்பலைக் கட்டுமானத்தில் பயன்படுத்துவது குறித்து மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 1999இலேயே அறிவிக்கை வெளியிட்டது. ‘செங்கல்’ என்ற தலைப்பின் கீழ்ச் சாம்பல் செங்கல் இல்லையெனில் அக்கொள்கை அத்தாளைப் பொறுத்தவரை செயலற்றதாகும்.

அதற்காக ‘பிற’ என்று ஒரு வழியைத் திறந்துவிட்டால் எல்லாமே அதனுள் அடைக்கலம் புகும். ‘பிற’ என்னும் பதிவுக்குக் காரணத்தையும் ஒப்புதல் அளித்த அலுவலரின் பதவியையும் கட்டாயமாக்குவதும், அப்பதிவுகளை மாதந்தோறும் ஆராய்ந்து தகுதியானவற்றைப் பட்டியலில் சேர்ப்பதும் ஏற்ற வழிகளாகும்.

காப்பாளரின் பொறுப்பு

பட்டியல் என்றும் மாறாதிருப்பதன்று. சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டின் 43 தரத்திற்கு ஐ.எஸ். 8112, 53 தரத்திற்கு ஐ.எஸ். 12269 எனத் தனித்தனி நிர்ணயங்கள் இருந்தன. 2015ஆம் ஆண்டின் திருத்தத்தில் இவை 33 தரத்திற்குரிய ஐ.எஸ். 269உடன் ஒன்றாக்கப்பட்டன. அதன் பின்னும் பழைய எண்ணையே காட்டும் பட்டியல், பிழையைத் தடுப்பதற்கு மாறாக எல்லா மதிப்பீடுகளிலும் ஒரே பிழையைப் பரப்புகிறது. எனவே பட்டியல் பக்கத்திற்கு ஒரு காப்பாளர், திருத்திய தேதி, பழைய பதிப்புகளின் கோப்பு ஆகியவை இன்றியமையாதன. நீக்கிய பொருளை அழித்துவிடாமல் ‘வழக்கொழிந்தது’ எனக் குறித்து வைத்தால், பழைய மதிப்பீடுகளைத் தணிக்கை செய்வோருக்கு அது துணையாகும்.

சூத்திரத்தை ஒரு பிற்பகலில் கற்றுக்கொள்ளலாம். வகைப்பாட்டை நிறைவாக அமைப்பதற்குக் கிடங்குக் காப்பாளர், பொறியாளர், கணக்கர் ஆகிய மூவரும் கூடி அமர வேண்டும். அம்மூவரும் ஏற்ற பட்டியலே களத்தில் பயன்தரும். பொதுப் பணத்திற்கும் அதனால் எழும் கட்டடத்திற்கும் காவலாக நிற்கும்.