நகர வளி மாசடைதல்: நேரமும் இடமும்

"நகரங்களில் காலை வேளையில் வளி மாசடைதல் அதிகமாக இருப்பது ஏன்?" என வினவினால் அநேகர் "வாகனங்கள் அதிகம்" என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுகின்றனர். அது அரைவாசி விடையே. நண்பகலிலும் வாகனங்கள் ஓடுகின்றனவே! மாசு எவ்வளவு வெளிவருகிறது என்பதுடன், அது கலப்பதற்கு எவ்வளவு வளி கிடைக்கிறது என்பதையும் எழுதினால்தான் விடை முழுமை பெறும்.

கரடியனாற்று வயல்களை நினைத்துப் பாருங்கள். அதிகாலையில் வைக்கோலை எரித்தால் புகை மேலெழாமல் வரம்போடு படுத்துக் கிடக்கும். வெயில் ஏறிய பின் எரித்தால் மேலே சென்று கலைந்துவிடும். இரவில் தரை குளிர்வதால் அதனையடுத்த வளியும் குளிர்கின்றது. மேலே உள்ள வளியோ வெப்பமாக இருக்கும். இதுவே வெப்பநிலை நேர்மாறல். மேலுள்ள வெப்பமான படை மூடிபோல் செயற்படுவதால் மாசு கீழேயே தங்கும்.

இதனைக் கணக்காகவும் காட்டலாம். காற்று வீசும் திசையில், நகரின் குறுக்கே 1 மீற்றர் அகலமான கீலம் ஒன்றை எடுத்துக்கொள்க.

செறிவு = கீலத்தில் ஒரு செக்கனில் சேரும் மாசு ÷ (காற்றின் வேகம் × மாசு கலக்கும் உயரம்)

செக்கனுக்கு 12,000 மைக்கிரோகிராம் துணிக்கைகள் சேர்வதாகக் கொள்வோம் (இங்குள்ள எண்கள் யாவும் பயிற்சிக்கானவை).

காலை 7 மணி: வேகம் செக்கனுக்கு 1 மீற்றர், உயரம் 200 மீற்றர்.
12,000 ÷ 200 = கனமீற்றருக்கு 60 மைக்கிரோகிராம்.

நண்பகல்: வேகம் 3 மீற்றர், உயரம் 1000 மீற்றர்.
12,000 ÷ 3000 = 4 மைக்கிரோகிராம்.

வெளிவந்த மாசு ஒன்றே. செறிவோ 15 மடங்கு வேறுபடுகிறது. பாடசாலைக்குப் பிள்ளைகள் வீதியோரமாக நடந்து செல்வதும் அந்தக் காலை வேளையில்தான்.

ஓசோனை இதனுடன் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது வாகனக் குழாயிலிருந்து நேரடியாக வருவதில்லை. நைதரசன் ஒட்சைட்டுகளும் ஆவிப்பறப்புள்ள சேதனச் சேர்வைகளும் சூரிய ஒளியில் தாக்கமுற்றே உருவாகும். ஆகவே வெயில் மிகுந்த பிற்பகலில் அது உச்சமடையும்.

இனி இடம். நமது ஊரினூடாகச் செல்லும் ஏ5 வீதியின் மறுமுனை பேராதனை. அதற்கு அண்மையில் உள்ளது கண்டி. மலைகள் சூழ்ந்த பள்ளத்தில் அந்நகர் அமைந்திருப்பதால் காற்றின் வேகம் குறைவு, நேர்மாறலும் எளிதில் கலையாது. மட்டக்களப்பு நகரமோ வாவிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிறது. பிற்பகல் கடற்காற்று மாசை அகற்றிவிடும். ஒரே நகரிலும் பஸ் நிலையத்தில் செறிவு கூடுதலாகவும் உள்ளொழுங்கையில் குறைவாகவும் இருக்கும். எமது சமன்பாடு நகரின் சராசரியையே தரும். இந்த வேறுபாட்டைக் காட்டாது.

இன்னுமொரு குறை: உள்ளே வரும் காற்று தூயது என நாம் எடுத்துக்கொண்டோம். 2022 டிசம்பரில் இந்தியப் பக்கமிருந்து வீசிய காற்றே மாசைச் சுமந்து வந்தது. டிசம்பர் 9 அன்று அரச பாடசாலைகள் மூடப்பட்டமை உங்களுக்கு நினைவிருக்கலாம். அத்தகைய நாளில் வரும் காற்றிலுள்ள செறிவையும் விடையுடன் கூட்ட வேண்டும்.

பயிற்சி: மாலை 7 மணிக்கு வேகம் 2 மீற்றர், உயரம் 300 மீற்றர், வெளிவரும் மாசு மேற்கூறியதே. உள்வரும் காற்றில் கனமீற்றருக்கு 30 மைக்கிரோகிராம் இருப்பின் நகரின் செறிவு யாது? (விடை: 50)